அக்காவின் ஞாயிற்றுக்கிழமை அடுப்பு

சென்ற ஆண்டு, அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்தவை:

1. காலை ஐந்தரை. அக்கா மெஸ்ஸின் பெரிய அண்டாவில் மாட்டுக் கால்கறியை அடுப்பில் ஏற்றினார்.
2. ஏழே கால். நெஞ்சு அழுத்துகிறது என்று அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தார்.
3. ஏழு ஐம்பது. ஆட்டோவில் மருத்துவமனை சேர்ந்தோம்.
4. எட்டு நாற்பது. அக்கா போய்விட்டார் என்று மருத்துவர் சொன்னார்.
5. பத்து மணி. அக்காவை மாடியில் உள்ள எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். கீழே மெஸ்ஸில் அடுப்பு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.
6. ராயக்கோட்டையிலிருந்து வந்து சேர்ந்த பெரியம்மா அதை அணைக்கச் சொன்னார். நான் மறுத்தேன்.

எங்கள் வழக்கில் அடக்கம் முடியும்வரை வீட்டில் அடுப்பு எரியாது. அக்கம்பக்கத்தார்தான் சோறு கொண்டுவருவார்கள். ஆறாவது வரிக்காக உறவினர் சிலர் இந்த ஓராண்டாக என்னோடு பேசவில்லை. அவர்கள் கையிலும் அக்காவின் இந்த ஓராண்டு நினைவு மலர் இருக்கும். ஏன் மறுத்தேன் என்று சொல்ல, அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அக்கா பிறந்தது சாமல்பட்டி. என்னைவிடப் பதினான்கு வயது மூத்தவர். அம்மா இறந்தபோது எனக்கு மூன்று வயது. அதற்குப் பிறகு எனக்குத் தலை வாரியது அக்காதான். திருமணமான இரண்டாம் ஆண்டில் மாமா சாலை விபத்தில் இறந்தார். அக்கா ஒரு கையில் பெட்டியும் மறு கையில் நானுமாக ஓசூர் வந்தார். ஒரு தொழிற்சாலை கேன்டீனில் பாத்திரம் கழுவினார், பிறகு காய் நறுக்கினார், பிறகு சமைத்தார். நான் டிப்ளமோ சேர்ந்த ஆண்டில் சிப்காட் பக்கம் ஒரு கூடத்தை வாடகைக்கு எடுத்து மெஸ் தொடங்கினார்.

அக்கா வாங்கியது எல்லாம் மற்றவர்கள் வேண்டாமென்ற கறி. மென்மையான பகுதி பிரியாணிக் கடைகளுக்குப் போய்விடும். கால், கழுத்து, வால், நெஞ்சு ஆகியவை மிஞ்சும். கறிக்கடை அண்ணன் ஒருமுறை கேட்டார்.

"ஏம்மா, நல்ல கறி இருக்குது. நாய்க்குப் போடறதையே கேட்டு வாங்கறியே?"

"நாய்க்கு ருசி தெரியுதுண்ணா. உங்களுக்குத்தான் தெரியல."

மெஸ்ஸுக்கு வந்தவர்கள் பல ஊர்க்காரர்கள். ஒவ்வொருவரிடமும் அவர்கள் வீட்டில் முரட்டுக் கறியை எப்படி இளக்குவார்கள் என்று அக்கா கேட்பார். கேட்டதோடு விடமாட்டார், அவர்களையே அடுப்படிக்கு இழுத்துவந்து செய்துகாட்டச் சொல்வார். கேரளத்து வெல்டர்கள் சொன்னபடி கழுத்துக்கறியை அதன் நீரிலேயே வேகவைத்து, தேங்காய்ப் பல்லோடு கறுக்கும்வரை வறட்டினார். என் தொழிற்சாலைக்கு இயந்திரம் நிறுவ வந்த கொரியப் பொறியாளருக்காக வாலைக் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, முதல் கொதிநீரைக் கொட்டிவிட்டு, முள்ளங்கி போட்டு அரைநாள் கொதிக்கவிட்டார். உப்பு அவரவர் கிண்ணத்தில்தான் என்று அந்தப் பொறியாளர் கையால் காட்டியதும் அக்கா என்னைப் பார்த்தார்: "என்னா பாப்பா இது, ஆஸ்பத்திரிக் கஞ்சியா?" குடித்துப் பார்த்தபின் அடுத்த கிண்ணத்தையும் அவரே எடுத்துக்கொண்டார்.

நாகாலாந்திலிருந்து வந்து மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்த அசென்லா, புகையில் உலர்த்திய கறியைப் புளித்த மூங்கில் குருத்தோடு ஒரு சொட்டு எண்ணெய் இல்லாமல் சமைத்துக் காட்டினார். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் அக்காவுக்குத் துணையாக அடுப்படியில் நின்றவர் அவர்.

ஆனால் ஞாயிறு மதியத்துக்கு எப்போதும் எங்கள் ஊர்க் கால்கறிதான், களியோடு. மல்லியும் மிளகாயும் வறுத்து அரைத்து, கறி பாதி இளகிய பிறகே தக்காளி. ஆறரை மணி நேரம் ஆகும். நான் ஹீட் ட்ரீட்மென்ட் பிரிவில் வேலை செய்கிறேன். இரும்பை எவ்வளவு சூட்டில் எவ்வளவு நேரம் வைப்பது என்பதுதான் என் தொழில். ஒருநாள் வெப்பமானிக் கம்பியை அண்டாவில் விட்டு, கால்மணிக்கு ஒருமுறை குறித்தேன். தசையைப் பிணைக்கும் சவ்வு கரைய நீண்ட நேரம், சீரான சூடு வேண்டும். அக்காவின் அடுப்பில் சூடு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. என் உலைகூட அப்படி நிற்காது.

"கம்பிய எடுடி. கறிக்கு என்னா காய்ச்சலா பாக்கற?" என்றார் அக்கா.

ஒரு ஞாயிறு பாதியில் கேஸ் தீர்ந்து, மாற்று சிலிண்டர் வரத் தாமதமானது. கறி ரப்பர் போல் இருந்தது. அக்கா அதைப் பரிமாறவில்லை. வாசலில் நின்று, வந்த ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டு, முட்டைக் குழம்பு ஊற்றினார். "வாரத்துல ஒரு நாள்தான் இவங்களுக்கு லீவு. அந்த ஒரு நாள ஏமாத்திட்டேனே" என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதனால்தான் மறுத்தேன். பத்து மணிக்கு அணைத்திருந்தால் கறி பாதியில் நின்றிருக்கும். அறுபது பேர் சாப்பிட வந்துகொண்டிருந்தார்கள்.

"சாவு வூட்ல அடுப்பு எரியறதா? ஊரு என்னாடி பேசும்?" என்றார் பெரியம்மா.

"இன்னும் ரெண்டு மணி நேரம் ஆவணும் பெரியம்மா."

"அவ கெடக்கறா, நீ மணி பாக்கறியா?"

அப்போது நான் சொன்னேன்: "இது உங்க அடுப்பு இல்ல."

அசென்லா என் கையிலிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டார். "நீ மேலே போ. அக்கா கிட்ட உக்காரு. நான் பாக்கறேன்."

பன்னிரண்டு மணிக்கு வந்தவர்களுக்கு வாசலில்தான் செய்தி தெரிந்தது. மாடிக்கு வந்து அக்காவைப் பார்த்தார்கள். கீழே இறங்கி, சாப்பிடுவதா போவதா என்று தெரியாமல் நின்றார்கள். "அக்கா போட்டது" என்று சொல்லி அசென்லா தட்டுகளை நீட்டினார். உட்கார்ந்து சாப்பிட்டார்கள். யாரும் மறுசோறு கேட்கவில்லை. பாத்திரங்களை அவர்களே கழுவிக் கவிழ்த்தார்கள். மாலை கல்லறைவரை பெட்டியைத் தூக்கிய தோள்களில் பாதி அவர்களுடையவை.

அடுப்பை அணைக்காததற்கு நான் வருந்தவில்லை. பெரியம்மாவிடம் சொன்ன அந்தச் சொல்லுக்கு வருந்துகிறேன். அக்கா கேன்டீன் வேலைக்குப் போன நாள்களில், வாரக்கணக்கில் ராயக்கோட்டையில் எனக்குச் சோறு போட்டது அவர் அடுப்புதான். அந்தச் சொல்லைப் பலர் முன் சொன்னேன். பலர் படிக்கும் இந்த மலரில் மன்னிப்புக் கேட்கிறேன்.

ஆட்டோ ஓட்டிய தெரு அண்ணனுக்கும், அடக்கம் முடிந்த பிறகும் மூன்று நாள் எங்களுக்குச் சோறு கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும், பங்குத் தந்தைக்கும், பெட்டி சுமந்தவர்களுக்கும், அசென்லாவுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

இன்றைய நிலை இது. மெஸ் நடக்கிறது. வார நாள்களில் அசென்லா பார்த்துக்கொள்கிறார், தொழிற்சாலையை விட்டுவிட்டார், ஞாயிறு நான். நினைவுத் திருப்பலி முடிந்ததும் மதிய உணவு மெஸ்ஸில். மாட்டுக்கறி சாப்பிடாதவர்களுக்குக் கோழி தனிப் பாத்திரத்தில் இருக்கும். பெரியம்மாவுக்குப் போன வாரம் தொலைபேசியில் சொன்னேன். வருகிறேன் என்று அவர் சொல்லவில்லை. "அறுபது பேருக்குக் களி கிண்ட ஆள் இருக்குதா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்று சொல்லியிருக்கிறேன்.