வேண்டாம் என்றவருக்கு நாங்கள் செய்த மரியாதை

வழக்கறிஞர் யசோதா சென்ற திங்கட்கிழமை விடியற்காலையில் காலமானார். செய்தியை உறுதி செய்தவர் அவருடைய தம்பி. "அக்கா போயிட்டாங்கண்ணா. மூச்சு முட்டுதுன்னாங்க. ஆஸ்பத்திரி போய்ச் சேர்றதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. நீங்க பேப்பர்ல போட்டுருங்க" என்றார். நீதிமன்றச் செய்திகளை நெடுங்காலமாக எழுதிவருபவன் நான். சுருக்கமாக எழுதி அனுப்பினேன். அவருக்கு மரியாதை செலுத்தும் விதமாக வழக்கறிஞர்கள் அன்று பணியிலிருந்து விலகியிருந்தனர் என்று அந்தச் செய்தி முடிந்தது. அந்த வரியில் தகவல் பிழை இல்லை. இருந்தும் அதைத் திரும்பப் படிக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

யசோதா அவர்கள் பெரியநாயக்கன்பாளையத்தில் இரும்பு வார்க்கும் ஃபவுண்டரி நடத்திய குடும்பத்தில் பிறந்தவர். கோவையில் சட்டம் முடித்து, இங்கிலாந்து சென்று பொதுச் சட்டம் படித்தார். அரசாங்கத்துக்கும் குடிமக்களுக்கும் இடையிலான சட்டம் அது. திரும்பி வந்து கறுப்பு அங்கி அணிந்த முதல் வாரத்தில், நீதிமன்ற கேன்டீனில் மூத்த வழக்கறிஞர் ஒருவர் அவரிடம் கேட்டது எனக்கு நினைவிருக்கிறது.

"ஏனம்மிணி, லண்டன்ல என்ன படிச்சீங்க?"

"ஒரு ஆபீசர் முடிவெடுத்தா, அதை எப்பிடி எடுக்கோணும்னு படிச்சனுங்க."

"அதுக்கு அத்தனை தூரம் போவோணுமா? நம்ம தாலுகா ஆபீஸ்ல ஒரு வாரம் உக்காந்தாப் பத்தாதா?"

"அங்க உக்காந்தா எப்பிடி எடுக்கக் கூடாதுன்னுதானுங்க தெரியும்."

மேசை முழுவதும் சிரித்தது. கேட்டவர்தான் அதிகம் சிரித்தார். அவரிடமே யசோதா ஜூனியராகச் சேர்ந்தார்.

ஆனால் படித்த படிப்புக்கு இங்கே வேலை குறைவு. கீழ் நீதிமன்றங்களில் வருவது பாகப்பிரிவினை, செக் மோசடி, விபத்து இழப்பீடு. அதிகாரியின் உத்தரவை எதிர்த்து ரிட் மனு போட வேண்டுமானால் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ரயிலேற வேண்டும். முதல் சில ஆண்டுகள் அவர் செக் வழக்குகளில்தான் காலம் தள்ளினார். ஒருநாள் ஆற்றாமையாகவே சொன்னார்: "எழுதி வெச்ச அரசியல் சட்டம்னு ஒரே புஸ்தகம் இல்லாத நாடுங்க அது. அங்க போய் நான் கத்துக்கிட்டது ஒண்ணுதான். முடிவு நல்லதா கெட்டதான்னு கோர்ட் மொதல்ல பாக்காதுங்க. பாதிக்கப்படற ஆளைக் கேட்டீங்களான்னு பாக்கும். இதை எங்க கொண்டுபோய் விக்கறதுன்னு தெரியலீங்க."

பிறகு அவரே ஒரு வழி கண்டார். உரிமம் ரத்து, சீல் வைப்பு என்று நோட்டீஸ் வாங்கியவர்களுடன் அலுவலகங்களுக்கே போனார். ஒவ்வொரு அதிகாரியிடமும் விசாரணைக்கு நாள் கேட்டு எழுதிக் கொடுத்தார். மறுத்தால் சென்னை. சிங்காநல்லூர்ப் பக்கத்துப் பட்டறைக்காரர்கள் மெல்ல மெல்ல அவரைத் தேடி வந்தார்கள்.

சக வழக்கறிஞர் இறந்தால் அன்று நீதிமன்றப் பணிக்குச் செல்லாமல் இருப்பது இங்குள்ள வழக்கம். அன்றைய வழக்குகளை ஒத்திவைத்துவிடுவார்கள். வழக்கறிஞர் சங்க மண்டபத்தில் நடந்த ஓர் இரங்கல் கூட்டத்தில் யசோதா எழுந்து, "போனவருக்கு மரியாதை செய்யலாமுங்க. வாய்தாவுக்கு வந்து வெளிய நிக்கறவங்களை ஆரு கேட்டது? என்ர சாவுக்கு வேலைய நிறுத்த வேண்டாமுங்க, இப்பவே சொல்லிப்போட்டேன்" என்றார். பின்வரிசையில் ஒருவர், "உங்களுக்கு அதுக்குள்ள என்னங்க அவசரம்?" என்றார். சிரிப்புக்கிடையே அன்றும் பணிக்குச் செல்வதில்லை என்ற தீர்மானம் நிறைவேறியது. அவரும் அதற்குக் கட்டுப்பட்டார்.

சென்ற திங்கட்கிழமை அதே மண்டபத்தில் அவருக்கான கூட்டம் நடந்தது. அன்று சிரித்தவர்களில் பலர் இருந்தார்கள். அவர் சொன்னதை எவரும் எடுத்துச் சொல்லவில்லை. எனக்கு நினைவு வந்தது. நான் வழக்கறிஞன் அல்ல, பேச எனக்கு இடமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தீர்மானத்தைக் குறித்துக்கொண்டேன்.

அன்று அவர் ஆஜராக வேண்டிய விசாரணை ஒன்று இருந்தது. சரஸ்வதி என்பவர் சிங்காநல்லூரில் எரிந்துபோன மோட்டார்களுக்குக் கம்பி சுற்றித் தரும் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கிறார். அவருடைய உரிமத்தை மாநகராட்சி அதிகாரிகள் ஒரு முறை கேள்வியே இல்லாமல் ரத்து செய்தார்கள். யசோதா உயர் நீதிமன்றம் சென்று, சரஸ்வதியைக் கேட்டபிறகே முடிவெடுக்க வேண்டும் என்று உத்தரவு வாங்கினார். அந்தக் கேட்கும் நாள்தான் திங்கட்கிழமை.

யசோதாவின் ஜூனியர் நித்யாவுக்குக் காலையில் சரஸ்வதி போன் செய்திருக்கிறார். நித்யா அழுதபடியே, "இன்னிக்கு வக்கீலுங்க ஆரும் வேலை பாக்கலீங்கக்கா. தேதி தள்ளி வெச்சுருவாங்க. நீங்க ஊட்டுக்கு வந்து அம்மாவைப் பாத்துருங்க" என்று சொல்லியிருக்கிறார். நீதிமன்றமாக இருந்தால் அது சரி. இது ஓர் அலுவலகம். வழக்கறிஞர்களின் தீர்மானம் அங்கே தெரியாது. எவரும் தெரிவிக்கவும் இல்லை. கூப்பிட்டபோது ஆளில்லை. மனுதாரர் வரவில்லை, சொல்வதற்கு ஒன்றுமில்லை எனக் கொள்ளப்படுகிறது என்று எழுதி, உரிமத்தை மீண்டும் ரத்து செய்தார்கள். புதன்கிழமை பட்டறைக்குப் பூட்டு விழுந்தது.

அன்று மாலை ஆர்.எஸ்.புரத்தில் யசோதாவின் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். சரஸ்வதி அந்த உத்தரவோடு வந்தார். சத்தம் போடவில்லை.

"அம்மாவுக்கு மரியாதை செஞ்சீங்களாமா. செய்யோணும், தப்பில்லீங்க. நான் அங்க போயிருந்தா தப்போ சரியோ நாலு வார்த்தை பேசியிருப்பேன். அம்மா ஒரு மாசமா எனக்குச் சொல்லிக் குடுத்தாங்க."

"தப்பு என்ர மேலதானுங்கக்கா" என்றார் நித்யா.

"உன்ர மேல மட்டும் எப்பிடிக் கண்ணு? இத்தனை பேரு உக்காந்திருக்காங்களே."

கேன்டீனில் அதிகம் சிரித்த அந்த மூத்தவர் எழுந்து, கையை நீட்டி, "அதைக் குடுங்கம்மிணி, நான் வாரேன்" என்றார்.

மறுவிசாரணை கோரும் மனு வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் பெறப்பட்டது. ஒப்புகைச் சீட்டை நித்யா காட்டினார். சரஸ்வதியை மீண்டும் கேட்பதா வேண்டாமா என்பது வரும் வியாழக்கிழமை தெரியும் என்று அலுவலகத்தில் சொல்லியிருக்கிறார்கள். மறுத்தால் மறுபடி சென்னைதான். அதுவரை பூட்டிய கதவுக்குப் பின்னால் பாதி சுற்றிய செம்புக் கம்பியோடு மோட்டார்கள் கிடக்கின்றன. மோட்டாரைக் கொடுத்தவர்கள் தினமும் வந்து சீலைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

போய் வாருங்கள், யசோதா அம்மா. உங்களிடம் மன்னிப்புக் கேட்பதென்றாலும் நாங்கள் வியாழக்கிழமை வரை காத்திருக்க வேண்டும்.