கோப்ரல் மஜீதின் ஐந்தாவது வீடு

என் மாமனார் அப்துல் மஜீத் இருபத்திரண்டு வருடம் இராணுவத்தின் பொறியியல் படையில் இருந்தவர். பாலம் போடுவது, உடைந்த பாதையைச் சீர்செய்வது, கண்ணிவெடி தேடுவது எல்லாம் அவருடைய வேலை. அதில் வலது காலில் மூன்று விரல்கள் போயின. "பத்துல மூணுதானே போன. மிச்சம் ஏழு இரிக்கி" என்பார். ஏறாவூரில் கோப்ரல் என்று கேட்டால்தான் வீட்டைக் காட்டுவார்கள்.

எந்த வீட்டை என்பதுதான் சிக்கல். அவருக்கு நான்கு பெண்கள். எங்கள் பக்கத்தில் பெண்ணைக் கட்டிக்கொடுப்பதென்றால் வீட்டையும் சேர்த்துக் கொடுப்பது. மாப்பிள்ளை அங்கே வந்து குடியேறுவான், பெற்றவர்கள் வேறு கூரை தேடுவார்கள். மாமா ஒவ்வொரு வீட்டையும் தன் கையாலேயே கட்டினார். முற்றத்து மாதுளை காய்க்கத் தொடங்கும்போது அடுத்த மகளுக்கு மாப்பிள்ளை வந்து நிற்பான். சாமான்கள் மறுபடியும் லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏறும்.

நாலாவது வீட்டைப் பறித்தவன் நான்தான். கடைசி மகள் பஹீமாவைக் கட்டிக்கொண்டு நான் உள்ளே வந்த அன்று, மாமாவும் மாமியும் குசினிக்குப் பின்னால் இருந்த சின்ன அறைக்குப் போனார்கள். கட்டிலைப் போட்டால் அதன் கதவு பாதிதான் திறக்கும். எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் பெரிய அறை வசதியாகத்தான் இருந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

மாமியின் பெயர் சித்தி நபீஸா, அதிகம் பேசாதவர். ஒருநாள் அவர் குசினியில் மிளகாய்த்தூள் போத்தலைத் தேடிக்கொண்டு நின்றார். "உம்மா, அத இடம் மாத்தி வெச்சிரிக்கன். கேட்டுட்டு எடுங்களன்" என்றாள் பஹீமா. அவள் மனதில் ஒன்றும் இல்லை. ஆனால் அன்று பின்னேரம் சுவருக்கு அந்தப் பக்கம் மாமியின் குரல் கேட்டது.

"நாலு ஊடு மாறிட்டன். மவுத்தாகிறதுக்குள்ள எனக்கெண்டு ஒரு குசினி கெடச்சாப் போதும்."

மறுநாள் விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டு வந்த மாமா, வாவிக்கரையில் மாமியின் பெயரில் கிடந்த காணித் துண்டில் முளை அடித்து நூல் கட்டினார். அப்போது அவருக்கு எழுபது வயது.

மகள்மார் கூடிவிட்டார்கள். மூத்தவள் ஸகியா அழுதே விட்டாள்.

"வாப்பா, நாங்க நாலு பேர் இரிக்கம். புள்ளைகள் தொரத்திட்டாங்க எண்டுதானே ஊர் சொல்லும்?"

"சொல்லட்டும். ஊருக்கு வாய் இரிக்கி. ஒங்கட உம்மாக்கு ஊடு இல்ல."

ஊர் நினைத்ததோ வேறு. எங்கள் ஊரில் அத்திவாரம் எழும்பினால் அந்தக் குடும்பத்தில் கட்டிக்கொடுக்க ஒரு குமர் இருக்கிறது என்று அர்த்தம். சுவர் யன்னல் மட்டத்துக்கு வந்ததும், கல்யாணத் தரகர் ஸியாம் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். கையில் ஒரு பொடியனின் படம்.

"கோப்ரல், கட்டார்ல ஏசி வேல. தங்கமான புள்ள."

மாமா சாரத்தின் மேல் நின்றபடி படத்தைப் பார்த்தார். "கல்லு வெச்சுக் கட்டுவானா?"

"அது தெரியாதே."

"அப்ப சரிவராது. இந்த ஊட்டுக்கு மாப்புள நான்தான்."

ஸியாம் விழித்தார். "அப்ப பொண்ணு?"

"அந்தா, தேத்தண்ணி கொண்டு வாறா."

ஐம்பது வருடம் குடும்பம் நடத்திய மாமி, முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு திரும்பி ஓடிவிட்டார். பொழுது படுவதற்குள் கதை ஊர் முழுக்கப் பரவியது. ஸகியாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இரண்டாம் வருடம் கூரை மரம் ஏற்றும்போது மாமா சறுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. இனி ஏணியில் கால் வைக்கவே கூடாது என்றார் டொக்டர். மாரி தொடங்க ஒரு மாதம்தான் இருந்தது, சுவர்கள் கூரையில்லாமல் கிடந்தன.

"உடுங்க. எனக்கு அந்த அறை போதும்" என்றார் மாமி. அதைக் கேட்டபோது எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. நாங்கள் மருமக்கள் நாலு பேர், ஆளுக்கொரு வீட்டில் கால் நீட்டிப் படுத்திருக்கிறோம். ஒருவனாவது அவருக்கு ஒரு கல் எடுத்துக் கொடுத்திருக்கிறோமா? அன்றே மற்ற மூவரையும் இழுத்துக்கொண்டு போனேன்.

வீடு வாங்கத் தெரிந்த எங்களுக்கு ஓடு போடத் தெரியவில்லை. மாமா கீழே சாய்மனைக் கதிரையில் படுத்துக்கொண்டு விசில் ஊதினார். ஒருமுறை ஊதினால் நிறுத்து, இரண்டுமுறை ஊதினால் கழற்று. முதல் மூன்று வரிசையையும் கழற்றிக் கழற்றிப் போட்டோம். "ஆமியில எண்டா ஒங்கள சமையலுக்கும் எடுக்கமாட்டான்" என்று ஏசினார். பதினெட்டாம் நாள் முகட்டு ஓடுகளையும் வைத்து முடித்தோம். அன்று பின்னேரமே மழை பிடித்தது. மாமா ஊன்றுகோலோடு ஒவ்வொரு அறையாகப் போய் அண்ணாந்து பார்த்தார். ஒரு சொட்டும் இல்லை. திரும்பி எங்களுக்கு ஒரு சல்யூட் அடித்தார். நாலு பேரும் நனைந்துபோய் அழுதுகொண்டு நின்றோம்.

குடிபுகும் நாளில் அவர் அடம்பிடித்தார். மாமி முதலில் போய் உள்ளே இருக்க வேண்டும், தான் மாப்பிள்ளையாக ஊர்வலம் வரவேண்டும். புதுச் சாரன், வெள்ளைச் சட்டை, நெஞ்சில் படையில் கொடுத்த பதக்கம். பின்னால் நாங்கள், தரகர் ஸியாம், பாதி ஊர். வாசலில் பெண்கள் குரவையிட்டார்கள். மாமி கதவைத் திறந்து, "உள்ளுக்கு வாங்க" என்றார். அப்படி ஒரு முகத்தை நான் அவரிடம் அதற்குமுன் கண்டதில்லை.

ஏழு வருடம் அங்கே வாழ்ந்தார்கள். போன நோன்புக்கு முந்திய கிழமை மாமா மவுத்தாகிவிட்டார். அவரை அடக்கிவிட்டு மையவாடியிலிருந்து நாங்கள் திரும்பி வரும்போது, மகள்மார் நாலு பேரும் உம்மா நாலு மாதமும் பத்து நாளும் யார் வீட்டில் இத்தா இருப்பது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். பஹீமா பெரிய அறையைத் தருவதாகச் சொன்னாள்.

மாமி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"இது அவரு எனக்குத் தந்த ஊடு மட்டுமில்லகா. நான் அவர மாப்புளயா எடுத்த ஊடு. இத உட்டுட்டு நான் எங்க போற?"

அன்று மகள்மார் நாலு பேரும் தங்கள் வீடுகளைப் பூட்டிவிட்டு, பாயோடு உம்மா வீட்டுக்குப் போனார்கள்.