கார்லண்டின் பிளேட்

வெர்லீன் டாக்கெட் வண்டிப் பதிவு ஜன்னலுக்கு வந்தபோது பனி இன்னும் முழுதாக விட்டிருக்கவில்லை. உள்ளே இருந்த கோல்பி வேலைக்குப் புதியவன். மாவட்ட அலுவலகத்தில் அவளுக்குப் பின்னால் யாரும் நிற்கவில்லை. இருந்தாலும் அவள் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் பேசினாள்.

"தம்பி, ஒரு சந்தேகம். பேரெல்லாம் கேக்காதே. ஒரு பொம்பளை. புருஷன் பட்டாளத்துல அடிபட்டவன், செத்துட்டான். அவன் வண்டி நம்பர் பிளேட்டு அவகிட்ட இருக்கு. அவ திரும்பக் கல்யாணம் பண்ணிக்கிட்டா அது என்ன ஆகும்?"

கோல்பி ஜன்னல் வழியாக வெளியே பார்த்தான். ஊனமுற்ற படைவீரர் என்று பொறித்த பிளேட்டோடு பழைய நீலநிற பிக்கப் வண்டி வாசலிலேயே நின்றது.

"அந்தம்மா அதைக் கழட்டிக் கொண்டாந்து குடுத்துடணும், மேடம். அப்புறம் எல்லாரையும் போல சாதா பிளேட்டு. வருஷா வருஷம் கட்டணம் கட்டணும்."

"கட்டணம் கிடக்கட்டும். பிளேட்டை வீட்டுலயாச்சும் வச்சுக்கலாமா?"

"முடியாது மேடம்."

"கல்யாண லைசென்ஸும் இங்கதானே?"

"பக்கத்து ஜன்னல்."

"ரொம்ப வசதிதான்" என்றாள் வெர்லீன். "ஒரு ஜன்னல்ல குடுத்துட்டு, இன்னொரு ஜன்னல்ல வாங்கிக்கலாம்."

அவள் கணவன் கார்லண்ட் ஈராக்கிலிருந்து முறிந்த முதுகோடு திரும்பியவன். அரசாங்கம் அவனுக்குக் கட்டணமில்லாத அந்தப் பிளேட்டைக் கொடுத்தது. அதை மாட்டிக்கொண்டு அவன் அதிக நாள் ஓட்டவில்லை. அவன் போன பிறகு, விதவையாக இருக்கும்வரை அது அவளுடையது. படைவீரர் நினைவு நாள் ஊர்வலத்தில் அந்த மாதிரி பிளேட் உள்ள வண்டிகள்தான் முதலில் போகும். அதிலும் முதல் வண்டி வெர்லீனுடையது. முன்கண்ணாடியில் கார்லண்டின் படம். ஒலிபெருக்கியில் அவன் பெயரைச் சொல்வார்கள். வருஷத்தில் அந்த ஒரு தடவைதான் வேறு ஒருவர் வாயால் அந்தப் பெயரை அவள் கேட்பாள்.

எஸ்டில் நோபிள் அவள் வீட்டுக்கு வந்தது கூரை ஒழுகிய ஒரு வசந்தத்தில். கூரையைச் சரிசெய்தான், அப்புறம் தண்ணீர்க் குழாயை, அப்புறம் இருந்துவிட்டான். தேவாலயத்தில் கேட்டால், மாடி அறையில் வாடகைக்கு இருக்கிறான் என்பாள். அந்த வீட்டுக்கு மாடியே கிடையாது என்பது ஊருக்குத் தெரியும். பாதிரியாருக்கும் தெரியும். யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை.

வாலிபத்திலிருந்து நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவன் எஸ்டில். நெஞ்சு முழுக்கக் கரித்தூள். மூக்கில் குழாயும் பக்கத்தில் ஆக்சிஜன் சிலிண்டருமாக அன்றைக்கு அடுப்பறை மேசையில் உட்கார்ந்திருந்தான். சோளரொட்டியைப் பிட்டு மோரில் போட்டபடி கேட்டான்.

"சார்ஜன்ட் என்ன சொல்றார்?"

பிக்கப் வண்டிக்கு அவன் வைத்திருந்த பெயர் அது.

"பிளேட்டைத் திருப்பிக் குடுத்துடணுமாம்."

"குடுத்துடுவியா?"

அவள் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே இருந்தாள்.

"அந்தாளு நல்லவன் வெர்லீன். நான் ஒண்ணும் சொல்லலை. நானும்தான் முப்பது வருஷம் மண்ணுக்கடியில கிடந்தேன். எனக்குப் பிளேட்டா குடுத்தாங்க? மூக்குல குழாயைச் சொருகி அனுப்பிட்டாங்க."

"நிலக்கரின்னு போட்டு வண்டிக்கு ஒரு பிளேட்டு இருக்கே."

"இருக்கு. அதுக்குக் காசு கூடுதலாக் கட்டணும். மாட்டிக்கிட்டு எந்த ஊர்வலத்துல போறது?"

அவள் சிரித்துவிட்டாள். அவனும் சிரிக்கப்போய் இருமல் பிடித்துக்கொண்டது. இருமல் அடங்கும்வரை முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

கல்யாணத்துக்கு அவனுக்கு ஏன் இந்த அவசரம் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. கிறிஸ்துமஸுக்கு முன்னால் மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, நர்ஸ் அவளைப் பார்த்து, "நீங்க இவருக்கு யாரு?" என்று கேட்டாள். வெர்லீன் வாயைத் திறப்பதற்குள் எஸ்டிலின் அக்கா நோலா முன்னே வந்து நின்றாள். பல வருஷமாகத் தம்பியோடு பேச்சுவார்த்தை இல்லாதவள். "வாடகைக்கு இடம் விட்டவங்க" என்று அவளே பதில் சொன்னாள். தேவாலயத்தில் வெர்லீன் சொன்ன அதே பதில்.

"அடுத்த தடவை என்னை மூச்சு மெஷின்ல போடலாமான்னு கேப்பாங்க" என்றான் எஸ்டில். "எனக்கு அது வேணாம். உனக்குத் தெரியும், நோலாவுக்குத் தெரியாது. கையெழுத்து யாரு போடுறாங்கங்கிறதுதான் கணக்கு. நீ போடணும்னா என் சம்சாரமா இருக்கணும்."

"மே மாசம் ஊர்வலம் முடிஞ்சிடட்டும்" என்றாள் அவள். "இந்த ஒரு தடவை. மறுநாள் காலையில ரெண்டு ஜன்னலுக்கும் சேர்ந்தே போவோம்."

"என் மூச்சைக் கேட்டுச் சொல்றேன்" என்றான் எஸ்டில். ஆனால் அன்று சாயங்காலமே கல்யாணத்துக்குப் போடும் சட்டையை எடுத்து இஸ்திரி போடச் சொன்னான்.

ஊர்வலம் திங்கட்கிழமை. சனிக்கிழமை மத்தியானம், வண்டியில் கட்டக் கொடி வாங்க வெர்லீன் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். திரும்பி வரும்போது வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது. வண்டியைத் திருப்பி அதன் பின்னாலேயே ஓட்டினாள்.

இந்தத் தடவை ஆஸ்பத்திரியில் அவள் ஒளிக்கவில்லை. "நான் அவர் சம்சாரம்" என்றாள். தகவல் தெரிந்து வந்திருந்த நோலாவை நர்ஸ் பார்த்தாள்.

"என் தம்பிக்குக் கல்யாணமே ஆகலை" என்றாள் நோலா. "வேணும்னா மாவட்ட ஆபீஸ்ல கேட்டுக்கங்க."

"நோலா, அவருக்கு மெஷின் வேணாம். என்கிட்ட சொல்லியிருக்கார்."

"நீ யாருடி அவன் உசுருக்கு முடிவு சொல்ல? பட்டாளத்துக்காரன் பேரையும் விடமாட்டே, என் தம்பியையும் விடமாட்டே."

நோலா கெட்டவள் இல்லை. பேசாமல் விட்ட தம்பியைச் சாக விட அவளுக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான். அவள் கையெழுத்துப் போட்டாள். எஸ்டிலின் தொண்டைக்குள் குழாயை இறக்கினார்கள். கையால் அதைப் பிடுங்கப் பார்த்தான் என்று இரண்டு கைகளையும் கட்டிலோடு துணியால் கட்டினார்கள். பார்வை நேரத்தில் வெர்லீன் போய் நிற்பாள். பேச முடியாத அவன் கண்கள் அவளையும் கதவையும் மாறி மாறிப் பார்க்கும்.

திங்கட்கிழமை ஊரில் ஊர்வலம் அவள் வண்டி இல்லாமலே போனது. வண்டி ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. அதற்குள் உட்கார்ந்து, ஆறிப்போன ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு தின்னாமல் இருந்தாள் வெர்லீன். காவலாளி ஒருவர் வந்து கண்ணாடியைத் தட்டினார். தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

"பிளேட்டைப் பார்த்தேம்மா. உங்க வீட்டுக்காரர் செஞ்ச சேவைக்கு நன்றி சொல்லணும்னு தோணுச்சு. உள்ளயா இருக்கார்?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அவர் சல்யூட் வைத்துவிட்டுப் போனார்.

எஸ்டில் ஒரு வாரத்துக்கு மேல் அப்படியே கிடந்துதான் போனான். உள்ளூர்ப் பத்திரிகையில் மரண அறிவிப்பை நோலா கொடுத்திருந்தாள். அப்பா, அம்மா, அக்கா, அக்கா பிள்ளைகள் எல்லோர் பெயரும் வந்தபிறகு கடைசி வரியில், "சிநேகிதி வெர்லீன்" என்று இருந்தது. அடக்கத்தின்போது குடும்பத்தாருக்கு முதல் இரண்டு பெஞ்சு. அவள் மூன்றாவதில் உட்கார்ந்தாள். இஸ்திரி போட்ட சட்டையை அவன் உடம்புக்குப் போட்டிருந்தார்கள். அதைக் கொண்டுபோய்க் கொடுத்தது அவள்தான்.

வெர்லீன் அதே வீட்டில்தான் இருக்கிறாள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. கார்லண்டின் பிளேட் வண்டியில் இருக்கிறது. சட்டப்படி அவள் இன்னும் அவன் விதவை, ஆகவே கட்டணம் கிடையாது. ஊர்வலத்துக்கு இப்போது அவள் போவதில்லை.