பேட்டரி வண்டியும் மூணு ஏத்தமும்

முதல் நாள் அந்த வண்டியில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். ஓட்டியது நான். எனக்குப் பக்கத்தில் வண்டிக் கம்பெனி இஞ்சினியர், இருபத்தஞ்சு வயசு இருக்கும், மடியில் நோட்டு. பின்னால் கதவோரம் என் சம்சாரம். அவளுக்கு எதிரில் கொட்டச்சேடு ஊரில் இருந்து வரும் கொட்டச்சேட்டுக்காரி. அவள் பக்கத்தில் அவள் ஓரகத்தி. மாரமங்கலத்து அண்ணன் தம்பி ரெண்டு பேர், செடிக்குக் கிளை வெட்டும் கவாத்து வேலை. காப்பிப் பழம் பறிக்கும் பெண்கள் நாலு பேர். கடைசி சீட்டில் மருந்தடிக்கும் பெரியவர். பின்னால் மட்டும் பத்துப் பேர்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எஸ்டேட்டில் நான் தினக்கூலி டிரைவர். அதுவரைக்கும் ஒரு ஜீப்பும் அதற்குப் பின்னால் ஒரு டிரெய்லரும்தான். ஆள்கள் குடியிருக்கும் லைன் ஊட்டில் இருந்து மேல்காட்டுக்கு ரோட்டில் எட்டு கிலோமீட்டர். காலையில் ஆளை ஏத்திப் போய் விடவேண்டும். சாயங்காலம் கூட்டி வரவேண்டும்.

டிரெய்லர் பலகை இடுப்பு உயரம். என் சம்சாரத்துக்கு வலது முட்டி மடங்காது. மிளகு பறிக்கும்போது ஏணி சரிந்து விழுந்தவள். மேலே ரெண்டு பேர் இழுக்க, கீழே ரெண்டு பேர் தள்ள, ஏறுவாள். தினமும் அப்படித்தான்.

“மூட்டையை ஏத்துங்கப்பா, நேரமாச்சு” என்பாள் கொட்டச்சேட்டுக்காரி.

எல்லோரும் சிரிப்பார்கள். சம்சாரமும் சிரிப்பாள். நான் முன்னால் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அவள் வேலையை விடவும் முடியாது. எஸ்டேட் கொடுத்த எங்கள் ஊடு அவள் பேரில்தான் இருந்தது. அவள் பேர் பதிவில் இருக்கும் வரைக்கும்தான் ஊடு. எனக்குப் பதிவு கிடையாது.

டீசல் விலை ஏறிக்கொண்டே போனது. மொதலாளி எங்கோ கேள்விப்பட்டு ஒரு பேட்டரி வண்டியை வரவழைத்தார். மூணு நாள் ஓட்டிப் பார்ப்பது, சரியாக இருந்தால் வாங்குவது என்று பேச்சு. ஒரு தடவை கரண்டு ஏத்தினால் நாப்பது கிலோமீட்டர் ஓடவேண்டும். நாலு நடைக்கு முப்பத்திரண்டு, டவுனுக்குப் போய் வர எட்டு. அவர் கணக்கு அவ்வளவுதான்.

அந்த வண்டியில் எனக்குப் பிடித்தது ஒன்றுதான். படி. தரையில் இருந்து ஒன்றரை ஜாண் உயரம். என் சம்சாரம் யார் கையையும் பிடிக்காமல் ஏறினாள். ஏறி உட்கார்ந்துவிட்டு என்னைப் பார்த்தாள். நொம்ப நாளுக்குப் பிறகு அப்படிப் பார்த்தாள்.

மேல்காட்டுக்கு மூணு ஏத்தம் உண்டு. முதல் நாள் காலையில் மூணையும் ஏறியது. சாயங்காலம் ஆளைக் கூட்டப் போகும்போது மூணாவது ஏத்தத்தில் நின்றுவிட்டது. ஓடியது இருபத்தொன்பது. ஆள்கள் நடந்து இறங்கி வந்தார்கள். வண்டியை ஜீப்பில் கட்டி இழுத்து வந்தேன்.

மொதலாளி கத்தவில்லை. “நாப்பது ஓடாத வண்டி எனக்கு எதுக்குங்க தம்பி? இன்னும் ரெண்டு நாள் பாருங்க. இல்லைன்னா எடுத்துக்கிட்டுப் போயிருங்க.”

இஞ்சினியர் முகம் செத்துப்போனது. என்னிடம் வந்தான். நல்ல பையன்.

“அண்ணே, கால அழுத்தாதீங்க. தூங்குற கொழந்த மேல கை வெக்கிற மாதிரி வெய்யுங்க. பிரேக் போட்டீங்கன்னா ஏத்தின கரண்டு அத்தனையும் வீண். எறக்கத்துல மோட்டார நிறுத்திட்டு சும்மா உருள உடுங்க.”

கேட்டுக்கொண்டேன். டயரில் காத்தைக் கல்லு மாதிரி ஏத்தினேன். ஸ்டெப்னி, ஜாக்கி, டூல்ஸ் பெட்டி எல்லாவற்றையும் இறக்கி வைத்தேன். பேட்டரி ஒவ்வொன்றிலும் தண்ணி பார்த்தேன். அந்தப் படி எனக்கு வேண்டும்.

ரெண்டாம் நாள் இஞ்சினியருக்குக் காய்ச்சல். மலைக் குளிர் ஒத்துக்கவில்லை. மீட்டரைக் காலையிலும் சாயங்காலமும் பார்த்து எழுதிக்கொள்கிறேன், நீங்கள் போங்கள் என்றான்.

முதல் ஏத்தத்தின் அடியில் பின்னால் இருந்து தகரத்தைத் தட்டினார்கள்.

“ஏனுங்ணா, நிறுத்துங்க” என்றாள் கொட்டச்சேட்டுக்காரி.

“என்ன புள்ள?”

“எறங்கி நடக்கறமுங்க. வண்டி பாரமில்லாம ஏறட்டும்.”

“இது பரீட்சை புள்ள. ஆளோட ஓடோணும்.”

“பரீட்சையில பாத்து எழுதாதவன் எவனுங்க? நீங்க மூணாங்கிளாசுல பாத்து எழுதலியா?”

“எழுதுனேன். அப்பவும் பெயிலுதான்.”

சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். ஜீப்பு திணறினாலும் அப்படித்தான் இறங்குவோம். மலையில் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மருந்தடிக்கும் பெரியவர்கூட இறங்கினார். என் சம்சாரமும் இறங்கக் காலைத் தூக்கிப் படியில் வைத்தாள்.

“நீ உக்காரு மூட்டை” என்றாள் கொட்டச்சேட்டுக்காரி. “உனக்காகத்தான் இந்தக் கூத்தே.”

வண்டி சத்தமே இல்லாமல் ஏறியது. தூறல். பின்னால் ஒன்பது பேர் சாக்கைத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு நடந்து வந்தார்கள். உள்ளே அவள் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். மூணு ஏத்தத்திலும் அப்படி. ரெண்டு நாளும் அப்படி.

நாப்பத்திமூணு ஓடியது. அடுத்த நாள் நாப்பத்திநாலு.

இஞ்சினியர் காய்ச்சலோடு எழுந்து வந்து எல்லோருக்கும் பிஸ்கட் கொடுத்தான். நோட்டில் எழுதினான். ஆள் பதினொண்ணு, ஓடியது நாப்பத்திநாலு. கீழே என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னான். போட்டேன்.

ஒரு மாசத்தில் ஜீப்பும் டிரெய்லரும் மஞ்சக்குட்டை ஊர்க்காரர் ஒருவருக்கு விலைக்குப் போய்விட்டன. பேட்டரி வண்டி நிலையாக வந்தது. வண்டியோடு ஒரு உத்தரவும் வந்தது. முன் சீட்டில் ஆள் கணக்கு எழுதும் ரைட்டர் உட்கார்ந்து வருவார்.

முதல் ஏத்தத்தில் தகரம் தட்டினார்கள். நிறுத்தினேன்.

“எதுக்கு நிறுத்தற?” என்றார் ரைட்டர்.

“எறங்கி நடக்கறாங்களாமுங்க.”

“நடந்தா எப்பப் போய்ச் சேர்றது? ஏழரைக்கு நான் ஆள் எண்ணோணும். ஒருத்தரும் எறங்கப்படாது. நாப்பத்திநாலு ஓடுற வண்டிதான, ஏத்து.”

ஏத்தினேன். அன்றைக்கு சாயங்காலம் நின்றது. அடுத்த நாள் மத்தியானமே நின்றது. பத்துப் பேரோடு மூணு ஏத்தம் அதற்கு ஆகாது. எனக்கு அது முன்னாலேயே தெரியும். எல்லோருக்கும் தெரியும்.

இஞ்சினியரைக் கூப்பிட்டார்கள். அவன் வந்து எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்தான். ஒன்றும் கிடைக்கவில்லை. என்னிடம் வந்தான்.

“அண்ணே, அன்னைக்கு எப்படி ஓட்டுனீங்களோ அப்படியே ஓட்டுங்க.”

“சரிங்க தம்பி” என்றேன். நடந்ததைச் சொன்னால் என் கையெழுத்துப் பொய். அவன் நோட்டுப் பொய். நடந்த ஒன்பது பேரும் திருடர்கள். உட்கார்ந்திருந்தவள் முதல் திருடி. அவள் பேரைத்தான் முதலில் அடிப்பார்கள்.

“வண்டி நல்லாத்தான் இருக்குது. டிரைவர்தான் சரியில்ல” என்றார் மொதலாளி.

வேறு டிரைவர் போட்டார். அவனுக்கும் நின்றது. அதற்குள் பேட்டரியும் சத்து இழந்துவிட்டது. கடைசியில் பங்களாவுக்கு வரும் விருந்தாளிகளை ஏரிக்குக் கூட்டிப் போவதற்கு என்று வைத்துக்கொண்டார். சமதளம். நன்றாக ஓடியது. என்னைக் களைவெட்டுக்குப் போட்டார்கள்.

ஜீப்பு இல்லை. இன்னொன்று வாங்கும் பேச்சும் இல்லை. எல்லோரும் மேல்காட்டுக்குக் குறுக்குப் பாதையில் நடக்கவேண்டும் என்று ஆனது.

முதல் நாள் நடந்தபோது கொட்டச்சேட்டுக்காரி பாதையில் நின்று திரும்பினாள். மூட்டை என்று கூப்பிடவில்லை.

“நொண்டிக்கு எரக்கப்பட்டு எறங்கினோம். இப்ப ஊரே நடக்குது. டிரெய்லராச்சும் இருந்துச்சு.”

மாரமங்கலத்து அண்ணன்காரன், “உடு அக்கா” என்றான்.

“என்னத்த உடறது?” என்றாள் அவள். அவளுக்கும் அன்று கால் வலித்திருக்கும். நான் அவளைக் குறை சொல்லமாட்டேன். இறங்கலாம் என்று முதலில் சொன்னவள் அவள்தான். அதை நான் எடுத்துச் சொல்லவில்லை. நிறுத்தியது நான்.

என் சம்சாரம் தடியை ஊன்றி அவளைத் தாண்டி நடந்தாள். அதற்குப் பிறகு அந்தப் பாதையில் யாரிடமும் பேசவில்லை, என்னிடமும்.

மத்தவர்களுக்கு ஒரு மணி நேரம். அவளுக்கு ரெண்டரை. ஏழரைக்குப் பேர் கொடுக்கவேண்டும் என்பதால் விடியுமுன்னே நாங்கள் மட்டும் முன்னால் கிளம்பிவிடுவோம். அவள் முன்னால், தடி ஊன்றி. நான் பின்னால். கையைக் கொடுத்தால் தட்டிவிடுவாள். ரெண்டு பருவம் அப்படிப் போனாள். மூணாவது பருவத்தில் முட்டி வீங்கி, போக முடியவில்லை. ரைட்டர் பேரை அடித்தார். ஊட்டைக் காலி செய்தோம்.

அந்தப் பாதையில் பின்னால் நடக்கும்போது எனக்குச் செய்ய ஒன்றும் இருக்கவில்லை. அவள் வைக்கும் அடியை எண்ணிக்கொண்டு போனேன். லைன் ஊட்டு வாசலில் இருந்து மேல்காட்டு ஷெட் வரைக்கும், ஒரு தடவைக்கு.

ஏழாயிரத்து இருநூத்திப் பதினாறு.