பாதியில் நின்ற தொடரும் நிறுத்தாத மாத்திரையும்

பழனியில் எங்கள் பஞ்சாமிர்தக் கடையின் பின்கட்டில் வாழைப்பழம் பிசைந்துகொண்டிருந்தபோதுதான் இருமலோடு ரத்தம் வந்தது. ஹீமாப்டிசிஸ் (சளியில் ரத்தம் கலந்து வருதல்) என்ற பெயரெல்லாம் பிறகுதான் தெரிந்தது. முந்தானையால் வாயைப் பொத்தினேன். மாமியார் ஓடி வந்தார். "பழத்துல பட்டிருச்சா?" என்றுதான் கேட்டார்.

சளிப் பரிசோதனையில் காசநோய் என்று தெரிந்தது. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் மேல்பக்கம் ஒரு கேவிட்டி (கிருமி அரித்த குழி) இருந்தது. உள்ளூரில் வைத்தியம் பார்த்தால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று என்னைக் கொடைக்கானலுக்குக் கொண்டுபோய் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அன்று சாயங்காலமே பஸ் ஏறிவிட்டார்கள்.

இதைப் படிக்கிற நீங்களும் இப்போது ஏதோ ஒரு வார்டில் படுத்திருக்கலாம். வருகிறவர்கள் எல்லாம் "மனசுல எதையும் வச்சுக்காதே" என்று சொல்லிவிட்டு ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டுப் போவார்கள். நான் அதைச் சொல்லப் போவதில்லை. நான் மனதில் வைத்துக்கொண்டேன், பிழைத்தேன்.

கணவர் ஒரே ஒருமுறை வந்தார். வார்டுக்குள் வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"கடைக்கு வர்றவங்க எல்லாம் உன்னையக் கேக்குறாங்க. நீ தவறிட்டேன்னு அம்மா சொல்லிட்டாங்க. இல்லைன்னா யாவாரம் கெட்டுரும்ல. கொஞ்ச நாளைக்குத்தான்."

கொஞ்ச நாளைக்கு நான் செத்திருக்க வேண்டுமாம். நடுவில் ஜன்னல் கம்பி இல்லாதிருந்தால் அவர் சட்டை கிழிந்திருக்கும். அன்றைக்கே முடிவு செய்தேன். உயிரோடு திரும்பிப் போய் அந்தக் கடை வாசலில், வாடிக்கைக்காரர்கள் முன்னால் நிற்க வேண்டும். அதற்குப் பிறகு என்ன ஆனாலும் சரி.

பக்கத்துக் கட்டிலில் செல்லம்மா அக்கா இருந்தார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட குடும்பம். சிங்களம் நன்றாகத் தெரியும். வார்டில் ஒரு கருப்பு வெள்ளைத் தொலைக்காட்சி இருந்தது. அப்போது மலையில் நம் நாட்டு ஒளிபரப்பு எடுக்காது, கடல் தாண்டி இலங்கைப் படம்தான் தெரியும். அதில் வாரம் ஒருநாள் ஒரு சாகசத் தொடர். வெளிநாட்டுக்காரர்களைச் சிங்களம் பேச வைத்திருந்தார்கள். கூட்டாளிகள் கப்பலைப் பறித்துக்கொண்டு தலைவனை ஒரு தீவில் சாக விட்டுப் போய்விடுகிறார்கள். அவன் எப்படித் திரும்புகிறான் என்பதுதான் கதை.

இதே கதை முன்பே ஒருமுறை ஓடியதாம், அக்கா சொன்னார். பழைய தலைவன் அழகன். வாள் சுழற்றுவான், கடைசியில் எல்லாரையும் மன்னித்துவிடுவான். ஊரே அவனைக் கொண்டாடியிருக்கிறது. இது புது ஆட்களை வைத்து மறுபடி எடுத்தது. புதியவன் ஒல்லி, முகத்தில் களையே கிடையாது. ஒரு வாரம் முழுக்கக் கயிறு முறுக்கினான், அடுத்த வாரம் மரம் வெட்டினான். வார்டில் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். கடைசியில் நானும் அக்காவும்தான் மிஞ்சினோம்.

"என்னக்கா சொல்றான்?"

"ஒண்டும் சொல்லல புள்ள. அவனுங்க பேர வரிசையாச் சொல்லிக்கிட்டே கயிறு திரிக்கிறான். சரியான கோவம் அவனுக்கு."

எனக்கு அவனைப் பிடித்துப்போனது. அவன் கத்தவில்லை, அழவில்லை. கோபத்தை உட்காரவைத்து வேலை வாங்கினான். அவ்வளவு மெதுவாக ஒரு கதையைச் சொல்ல எடுத்தவர்களுக்கு எத்தனை தைரியம் இருந்திருக்க வேண்டும். போரடிக்கிறது என்று போனவர்களுக்குப் பழிவாங்கத் தெரியாது, அவ்வளவுதான்.

தினமும் ஸ்ட்ரெப்டோமைசின் (காசநோய்க்கான ஊசி மருந்து) போட்டார்கள். அதனால் இடது காதில் ஓயாத இரைச்சல், நடந்தால் தரை சாயும். மாத்திரையைப் பார்த்தாலே குமட்டும். நான் மாமியார் பெயரைச் சொல்லி ஒன்று, கணவர் பெயரைச் சொல்லி ஒன்று என்று விழுங்கினேன். சில மாதத்தில் இருமல் நின்று எடை ஏறியது. அப்போதுதான் டாக்டர் எச்சரித்தார்.

"இப்பத்தாம்மா டேஞ்சர். நல்லாயிட்டோம்னு எல்லாரும் ஸ்டாப் பண்றது இப்பத்தான். கிருமி செத்த மாதிரி நடிக்கும். ஒன்றரை வருசம் கண்டினியூ பண்ணணும்."

செத்த மாதிரி நடிப்பதைப் பற்றி எனக்கா சொல்ல வேண்டும்?

தொடரில் அவன் தெப்பத்தைக் கட்டி முடித்துக் கடலில் தள்ளினான். அடுத்த வாரம் ஊர் போய்ச் சேருவான் என்றார் அக்கா. அதற்குள் எங்கள் மலையிலேயே புது ஒளிபரப்புக் கோபுரம் வேலை செய்யத் தொடங்கியது. வார்டு ஆண்டெனாவை அதன் பக்கம் திருப்பிவிட்டார்கள். படம் பளிச்சென்று வந்தது, எல்லாருக்கும் சந்தோஷம். அந்த ஒருநாள் மட்டும் இலங்கைப் பக்கம் திருப்பச் சொல்லிக் கேட்டேன். "அந்தக் கயிறு திரிக்கிறவனுக்காகவா?" என்று சிரித்தார்கள். அவன் போய்ச் சேர்ந்தானா, அவர்களை என்ன செய்தான், எனக்கு இன்றுவரை தெரியாது. அக்காவிடம் அழுதேன்.

"ஆக்கப் பொறுத்தவ ஆறப் பொறுக்க மாட்டியா? மாத்திரையப் போடு. மிச்சத்த நீயே போய்ப் பாரு."

மருந்து முடிந்தது. சளியில் கிருமி இல்லை என்று டாக்டர் சொன்னார். அந்த ஆஸ்பத்திரியிலேயே எனக்கு வார்டு வேலையும் கொடுத்தார்கள். தைப்பூசத்துக்குப் பழனிக்கு இறங்கினேன்.

கடை வாசலில் காவடிக் கூட்டம். வரிசையில் நின்று, என் முறை வந்ததும், "அரைக் கிலோ குடுங்க அத்தை" என்றேன். மாமியார் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. உள்ளே கணவர் எழுந்தார், உட்கார்ந்தார். வருஷம் தவறாமல் காரைக்குடியிலிருந்து நடந்து வரும் செட்டியார் ஒருவர் என்னை உற்றுப் பார்த்தார்.

"ஏம்மா, நீ தவறிட்டதா இவுக சொன்னாகளே?"

"டி.பி. வந்துச்சுங்க, ஆஸ்பத்திரியில கெடந்தேன். பொழச்சு வந்துட்டேன். அத்தைக்கிட்டச் சொல்ல ஆளில்லாமப் போச்சு."

அவர் என்னைப் பார்த்தார், மாமியாரைப் பார்த்தார். கையில் வாங்கியிருந்த டப்பாவைத் திருப்பி வைத்துவிட்டு நகர்ந்தார். அவருக்குப் பின்னால் இருந்தவர்களும் நகர்ந்தார்கள். மாமியார் குரலைத் தாழ்த்தி, "உள்ள வாத்தா, எதுனாலும் பேசிக்கலாம்" என்றார். நான் போகவில்லை.

மலைக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். வலது மார்பில் பாதி மூச்சுதான் இறங்குகிறது, இனி அவ்வளவுதான். அவர்கள் கணக்கில் நான் என்றைக்கோ செத்துவிட்டேன். அதற்குப் பின் வருகிற நாட்களில் யாருக்கும் பங்கில்லை. பழிவாங்கினால் மனம் கனத்துப்போகும் என்பார்கள். எனக்குப் பசித்தது. நன்றாகப் பசித்தது.