ஒரு சோடிக் கண்மடல்

போன வருசம் அம்மன் கோயில் வைகாசிச் சடங்குக்கென்று மட்டக்களப்பு நகரத்திலிருந்து களுதாவளைப் பக்கம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். கேற்றில் வேப்பிலை செருகியிருந்தது. உள்ளே அண்ணன் பாயில் கிடந்தார். ஒரு பக்கக் கன்னம் வீங்கி, கண் சிவந்து, மூக்கால் கறுப்பாக வடிந்துகொண்டிருந்தது.

"அம்மாள் பாத்திருக்கா," என்றாள் அண்ணன் மனைவி, என் மச்சாள். "சடங்கு நேரத்தில ஊசி போடப்படாது. கடைசி நாள் குளிர்த்தி முடிய எல்லாம் ஆறிரும்."

எங்கள் பக்கத்தில் கண்நோய் வந்தாலும் கொப்புளிப்பான் வந்தாலும் அது அம்மாளின் காரியம். மச்சாள் மீன் சமைக்காமல், நித்திரை கொள்ளாமல், வேப்பிலையால் விசிறிக்கொண்டு பக்கத்திலேயே இருந்திருக்கிறாள். அவளை ஏச எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அண்ணனின் இமை எழும்பவேயில்லை. பிடிவாதம் பிடித்து ஓட்டோவில் ஏற்றினேன்.

அது பூஞ்சணம் என்றார் டொக்டர். வயல் வட்டைக்குள் நனைந்து கிடந்த பழைய வைக்கோலைப் பிரித்தபோது மூச்சோடு போயிருக்கலாமாம். மச்சாளும் கூட நின்று அதே வைக்கோலைத்தான் உதறினாள். அவளுக்கு இரண்டு தும்மலோடு போயிற்று. நல்ல உடம்பில் வெள்ளை அணுக்கள் ஓடிவந்து அதை மூக்கிலேயே பிடித்துத் தின்றுவிடும். சீனி ஏறிய இரத்தத்தில் அவை மந்தமாகிவிடும்; வந்து சேர்ந்தாலும் கொல்லப் பலம் இருக்காது. அண்ணனோ கிளினிக் வரும் கிழமையில் மட்டும் சீனி வருத்தக் குளிசையை ஒழுங்காகப் போடுகிற மனிதர். சோதனையில் நல்லபிள்ளைப் பெயர் எடுத்துவிட்டு, திரும்பும் வழியிலேயே சீனி போட்ட தேத்தண்ணி குடிப்பார்.

"பரணில காவக்காரன் இரிக்கான், இறங்கி ஓடத்தான் ஏலா. காட்டுப்பண்டி வயலுக்க பூந்திட்டு. அப்பிடித்தானே, டொக்டர்?" என்று அண்ணன் கேட்டார்.

"ஓம் ஐயா. வீங்கின அண்டைக்கே வந்திருந்தா கண்ணைக் காப்பாத்தியிருக்கலாம். இனி உயிரைப் பாப்பம்."

மச்சாள் அப்போது கதவுக்கு வெளியே நின்றாள். கண்ணை எடுத்தார்கள். மருந்து நாளெல்லாம் சேலைனோடு ஏறியது. கொஞ்சம் தெளிந்ததும் அண்ணன் என் கையைப் பிடித்தார். "குளிசை போடாதவன் நான். அவள் என்ன செய்வாள்? எப்ப வந்தாலும் கண் போயிருக்கும் எண்டு அவளுக்குச் சொல்லு, தங்கச்சி." அப்படியே சொன்னேன். மச்சாள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

இந்த வைகாசியில் மச்சாள் வெள்ளியில் ஒரு சோடிக் கண்மடல் வாங்கி அம்மனுக்குக் காணிக்கை வைத்தாள். கும்பிட்டு முடித்து, என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"அண்டைக்கே கூட்டிப் போயிருந்தா அந்தக் கண் இருந்திருக்கும், என்ன மச்சாள்?"

நான் கற்பூரத் தட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

"உங்கட அண்ணனுக்குச் சொல்லிராதீங்க. எனக்குத் தெரியாதெண்டுதான் அவர் நிம்மதியா இரிக்கார்."