ஜாமீன் கையெழுத்து

என் தோழியின் அப்பாவுக்குச் சம்பளச் சீட்டு உண்டு, என் அப்பாவுக்குக் கிடையாது. அவள்மேல் எனக்கு வந்த பொறாமை இந்த ஒரு தாளில் ஆரம்பித்தது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அவளுக்கு இடுப்புக்குக் கீழே தொங்கும் தலைமுடி, சொந்தமாக ஒரு ஸ்கூட்டி, படிக்கத் தனி அறை எல்லாம் இருந்தன. அதற்கெல்லாம் நான் ஏங்கியதே இல்லை. ஆனால் கல்விக் கடனுக்கு என்று ஒரு நாள் ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையிலிருந்து அந்தச் சீட்டுகளை வரிசையாக எடுத்துக் காட்டினாள் பாருங்கள், அப்போது எனக்குக் காதில் புகை வந்தது.

அம்பத்தூரில் ஒரே பள்ளியில், ஒரே பெஞ்சில் படித்தவர்கள் நாங்கள். அவளுடைய அப்பா ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் நிரந்தர ஊழியர். தென்காசிப் பக்கத்துக்காரர்கள், குவார்ட்டர்ஸில் இருந்தார்கள். நாங்கள் மண்ணூர்பேட்டையில் ஒரு லைன் வீட்டில் வாடகைக்கு இருந்தோம். என் அப்பா அம்பத்தூர் இன்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு சின்ன லேத் பட்டறையில் டர்னர். சனிக்கிழமை சாயங்காலம் ஓனர் கையில் கொடுப்பதுதான் சம்பளம், அதற்குச் சீட்டும் இல்லை, ரசீதும் இல்லை.

சட்டம் படிக்க வேண்டும் என்ற ஆசை முதலில் எனக்குத்தான் வந்தது. இதை நான் அழுத்திச் சொல்லியே ஆக வேண்டும். வாடகை ஏற்றும்போதெல்லாம் வீட்டுக்காரரிடம் அம்மா தலையைக் குனிந்து நிற்பதைப் பார்த்துப் பார்த்து, நான் வக்கீலாகிறேன் என்று பத்தாம் வகுப்பிலேயே முடிவு செய்துவிட்டேன். அவளுக்கு அப்படி ஒரு காரணமும் கிடையாது. நான் நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பம் போடுவதைப் பார்த்துவிட்டு, "நீ போற எடத்துக்கு நானும் வர்றேன்டி" என்று அவளும் போட்டாள். சினிமாவுக்குக் கிளம்புகிற மாதிரிதான் கிளம்பினாள். தேர்வு முடிவு வந்தபோது நான் அவளுக்கு மேலே இருந்தேன். அந்தச் சந்தோஷம் எனக்கு ஒரு வாரம்கூட முழுதாக நிலைக்கவில்லை.

வெளியூரில் ஒரே சட்டக் கல்லூரியில் இரண்டு பேருக்கும் இடம் கிடைத்தது, ஐந்து வருடப் படிப்பு. அந்த மாத முடிவுக்குள் முதல் தவணையைக் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று மின்னஞ்சலில் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். உதவித்தொகைக்கும் விண்ணப்பித்தேன். ஆனால் அது வரும்போதுதான் வரும், அதுவரை கல்லூரி நமக்காகக் காத்துக்கொண்டிருக்காது. அதனால் கல்விக் கடன் ஒன்றுதான் வழி. கடன் கிடைத்தால் நான் வக்கீல். கிடைக்காவிட்டால், மண்ணூர்பேட்டையில் என்னோடு வளர்ந்த பெண்களைப் போல எஸ்டேட்டில் ஏதாவது ஒரு கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷன்.

அவளுக்குக் கடன் கிடைத்த கதையை அவளே சொன்னாள். குவார்ட்டர்ஸுக்குப் பக்கத்தில்தான் வங்கி. மேனேஜருக்கு அவள் அப்பாவைத் தெரியும். உட்காரச் சொல்லி டீ வரவழைத்தாராம். பொண்ணு வக்கீலாகப் போகிறாளா, எங்களையெல்லாம் கொஞ்சம் பார்த்துக்கொள்ளம்மா என்று சிரித்தாராம். சம்பளம் அந்த வங்கியிலேயே விழுவதால் வேறு எதையும் அதிகம் கேட்கவில்லை. கடன் அனுமதியான செய்தியை அவள் வாட்ஸப்பில் எனக்கு அனுப்பினாள். நான் 'சூப்பர்டி' என்று எழுதி, கூடவே இதயங்களையும் வரிசையாகப் போட்டு அனுப்பிவிட்டு, போனைத் தலையணைமேல் வீசினேன். சுவரில் வீசத்தான் ஆசை, ஆனால் அது அம்மாவின் போன்.

எங்கள் பக்கத்தில் நடந்தது வேறு. வருமானச் சான்றிதழ் வாங்க இ-சேவை மையத்துக்குப் போனோம். வருமானம் குறைவாக இருந்தால்தான் உதவித்தொகைக்கும் வட்டிச் சலுகைக்கும் வழி உண்டு என்று அங்கே இருந்த ஒருவர் அப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்தார். அப்பா குறைத்துச் சொன்னார். கொஞ்ச நாளில் சான்றிதழும் வந்தது. பட்டறையில் யாரோ இதைக் கேட்டுவிட்டு, இவ்வளவு கம்மியாகச் சம்பாதிக்கிறவனுக்கு எந்த பேங்க்காரன் கடன் கொடுப்பான் என்று அப்பாவைக் குழப்பிவிட்டார்கள். அப்பா ஓனரிடம் போய்க் கெஞ்சி, பட்டறையின் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் வாங்கி வந்தார். அதன்படி பார்த்தால் என் அப்பா அந்தப் பட்டறையின் முதலாளியைவிட அதிகம் சம்பாதிக்கிறவர். இரண்டையும் ஒரே ஃபைலில் அடுத்தடுத்து வைத்துக் கொடுத்தோம். எந்த மேசைக்கு எது என்று பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

வங்கி அதிகாரி இரண்டு தாளையும் மேசைமேல் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார்.

"இதுல உங்க வருமானம் ஒரு மாதிரி இருக்கு, இதுல வேற மாதிரி இருக்கு. எதுங்க நிஜம்?"

அப்பா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டும் இல்ல சார்" என்றார்.

"அப்ப நிஜம் எவ்ளோ?"

"அது வாராவாரம் மாறும் சார். ஆர்டர் கீதுன்னா வரும். இல்லாங்காட்டி இல்ல."

அதிகாரிக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் அடக்கிக்கொண்டார். கெட்டவர் இல்லை அவர். இரண்டு தாளையும் எங்களிடமே திருப்பிக் கொடுத்து, சரியான கணக்கோடு புதிதாக ஒன்று வாங்கிவரச் சொன்னார். அதோடு, இந்தத் தொகைக்கு நிரந்தர வேலையில் இருக்கிற ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். பஸ் ஸ்டாப்புக்கு நடந்தோம். பஸ் வந்த பிறகு, "உன் பிரெண்டு நைனா நெரந்தர வேலதானே?" என்று கேட்டார். எனக்கு அந்த பஸ்ஸுக்கு அடியிலேயே விழுந்துவிடலாம் போல இருந்தது. ஊரில் வேறு யாரிடம் கேட்டிருந்தாலும் நான் வாயை மூடிக்கொண்டு கூடப் போயிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா கல்யாணத்துக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். ஆவடிக்கு ரயிலில் போனோம். குவார்ட்டர்ஸ் தெருக்களில் மரங்கள் வரிசையாக நின்றன. எல்லா வீடும் ஒரே மாதிரி, எல்லா வீட்டு வாசலிலும் ஒரு பைக். இங்கே இருப்பவர்கள் யாருமே ஓனரிடம் கடிதம் கேட்டுக் கெஞ்சியிருக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். அவள் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் கையை உருவவில்லை, ஆனால் பதிலுக்குப் பிடிக்கவும் இல்லை.

அப்பா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். "கோச்சுக்காதீங்க சார், ஒரு ஒத்தாச வோணும். பாப்பாவுக்கும் சீட்டு கெட்ச்சிகீது. உங்கள மாரி வேலைல கீறவங்க கையெழுத்து போட்டாதான் பேங்க்ல லோன் குட்ப்பேன்றாங்க."

"இதுக்குப் போயி இவ்வளவு தயங்குதீங்களே" என்றார் அவள் அப்பா. "புள்ள படிக்கப் போகுது. தாளக் குடுங்க."

உள்ளேயிருந்து அவள் அம்மாவின் குரல் வந்தது. "ஏங்க, ஒரு நிமிஷம் இங்க வந்துட்டுப் போங்க." அவர் போகவில்லை. "வர்றேன் வர்றேன்" என்று சொல்லிக்கொண்டே சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

குவார்ட்டர்ஸ் வழக்கம் அது. ஊழியர்கள் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்க உடன் வேலை செய்பவர்களின் ஜாமீன் வேண்டும். இந்த முறை இவருக்கு அவர் போடுவார், அடுத்த முறை அவருக்கு இவர் போடுவார். பக்கத்து வீட்டில் கறிவேப்பிலை வாங்குவதைப் போல அது சாதாரணம். எதையும் படிக்க மாட்டார்கள். தவணையைச் சம்பளத்திலேயே பிடித்துவிடுவார்கள் என்பதால் எந்த ஜாமீனும் யாருக்கும் வினையாக வந்ததில்லை. அவரும் பேங்க் தாளைச் சங்கத்துத் தாள் மாதிரியே நினைத்துத்தான் பக்கம் பக்கமாகப் புரட்டிக் கையெழுத்துப் போட்டார். பிறகு ஒரு நாள் வங்கிக்கும் எங்களோடு வந்து போட்டுக் கொடுத்தார். அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். எனக்கும் நன்றி இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் அந்த நன்றியே எனக்குக் கசந்தது. தேர்வில் அவளைவிட மேலே வந்தும், அவள் அப்பா கை வைத்தால்தான் எனக்குக் கதவு திறக்கும் என்றால் நான் மேலே வந்து என்ன பிரயோஜனம்?

ஓனரிடம் சரியான கணக்கோடு புதுக் கடிதமும் வாங்கிக் கொடுத்த பிறகு கடன் வந்தது. கடைசி நாளுக்கு முந்தின நாள் முதல் தவணையைக் கட்டினோம்.

கல்லூரியில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே அறை. அங்கே வந்து சேர்ந்தவர்கள் வேறு உலகத்தவர்கள். அப்பா நீதிபதி, மாமா மூத்த வழக்கறிஞர், வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே ஆங்கிலத்தில் வழக்குப் பேசி வளர்ந்தவர்கள். நான் வகுப்பில் எழுந்து நின்றால் எனக்குத் தெரிந்த பதிலும் தொண்டையைத் தாண்டாது. முதல் செமஸ்டர் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டுக் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். அவளும் அழுதாள், ஆனால் அவள் கட்டிலில் உட்கார்ந்து எல்லாரும் பார்க்க அழுதாள். எனக்கு அதுகூடப் பொறாமையாக இருந்தது.

இரண்டாம் செமஸ்டர் பாதியில் அவள் வீட்டுக்குப் போன் செய்து, "எனக்கு இது ஒத்து வரலப்பா" என்றாள். மறுநாளே அவர் வந்து இறங்கினார். நான் அவளுடைய புத்தகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். திட்டப்போகிறார் என்று எதிர்பார்த்தேன், உள்ளுக்குள் ஆசைப்படவும் செய்தேன். அவர் விடுதிப் படியில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "சரி, போவட்டும். உனக்கு என்னதான் செய்யணும்னு இருக்கு, அதச் சொல்லு" என்று கேட்டார். அவள் படம் வரையக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றாள். அவர் தலையாட்டினார். அவளுடைய கடனை வருங்கால வைப்பு நிதியிலிருந்து எடுத்து அடைத்துவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். புறப்படும்போது என் தலையில் கை வைத்து, "நீயாவது நல்லாப் படி தாயி" என்றார்.

அந்த வாரம் ஒப்பந்தச் சட்ட வகுப்பில் ஜாமீனைப் பற்றி நடத்தினார்கள். கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவு பொறுப்பு ஜாமீன் போட்டவருக்கும் உண்டு. கடன் வாங்கியவரைத் துரத்திப் பிடித்த பிறகுதான் அவரிடம் வர வேண்டும் என்பதில்லை, நேராகவே அவர் வீட்டுக் கதவைத் தட்டலாம். ஆசிரியர் இதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனார். பக்கத்தில் அவள் இருக்கை காலியாக இருந்தது. குவார்ட்டர்ஸ் வீட்டில் அந்த மனிதர் பக்கம் பக்கமாகப் புரட்டிக் கையெழுத்துப் போட்டது என்னவென்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்படித் தெரிந்தும் அந்த வாரக் கடைசியில் நானும் வீட்டுக்குப் போன் செய்தேன். எனக்கும் முடியவில்லை, வந்துவிடட்டுமா என்று கேட்டேன். எதிர்முனையில் பட்டறையின் சத்தம் கேட்டது. அப்பா வெளியே வந்து பேசினார்.

"அவரு கையெழுத்து போட்டுகீறாரு பாப்பா. நாளைக்கு பேங்க்காரன் அவரு ஊட்டாண்ட போய் நின்னா, நான் எந்த மூஞ்ச வச்சிகினு ஆவடி பக்கம் போவேன்? எப்டியாவது முட்ச்சிட்டு வந்துடு."

அப்பாமேல் தப்பு இல்லை. எனக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்பதற்கு அவரிடம் வைப்பு நிதி கிடையாது. அவள் அப்பாவின் கை அவளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனது, அதே கை என்னை அந்த நாற்காலியில் உட்கார வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டது. நான் படித்தேன். ஆசையாகப் படித்தேன் என்று சொல்ல மாட்டேன். பயந்து படித்தேன், பயத்தில் படித்தது நன்றாகவே ஏறியது.

இப்போது நான் வக்கீல்தான். ஆனால் நான் ஆசைப்பட்டபடி பூந்தமல்லி கோர்ட்டில் ஒரு சீனியரிடம் சேர்ந்தால் கைக்குக் கிடைப்பது பஸ்ஸுக்குத்தான் சரியாக இருக்கும். தவணை யார் கட்டுவது? அதனால் அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் நாள் முழுக்க மற்றவர்களின் ஒப்பந்தங்களைப் படித்துக்கொண்டிருக்கிறேன். கடன் பாதிதான் அடைந்திருக்கிறது. வீட்டுக்காரரிடம் இப்போது அம்மா தலை நிமிர்ந்து பேசுகிறாள், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை.

போன பொங்கலுக்கு அடுத்த நாள் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் ஓய்வு பெற்றுத் திருநின்றவூர்ப் பக்கம் சொந்த வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டார். வாசலில் பக்கத்து வீட்டுக்காரரோடு பேசிக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டதும் எழுந்துவிட்டார். "நான் சொன்னேம்லா, நம்ம ஜாமீன்ல படிச்ச வக்கீலு, அது இவதான்" என்று அவரிடம் காட்டினார். சத்தம் கேட்டு அவள் வெளியே வந்தாள். முன்னறையில் அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்குப் படம் வரையச் சொல்லிக் கொடுக்கிறாள், கை முழுக்க நீலப் பெயின்ட். உடம்பு கொஞ்சம் பூசினாற்போல் இருந்தாள். எப்போதும் போல ஓடி வந்து கட்டிக்கொண்டாள்.

"எங்கப்பா என்னப் பத்தி ஒருத்தர்கிட்டயும் இப்படிச் சொன்னதில்லடி. உன்னப் பாத்தா எனக்குப் பொறாமையா இருக்கு" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனால் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சொல்லி முடித்ததும் அவளுக்கு அது தீர்ந்துவிட்டது. கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, காபியா டீயா என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

நான் டீ என்றேன். அந்தச் சம்பளச் சீட்டுகளைப் பார்த்த நாளிலிருந்து இன்றுவரை அவளிடம் பொறாமை என்ற அந்த ஒரு சொல்லைச் சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை. அவள் அதை அப்பாவுக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் எதிரிலேயே சொல்லிவிட்டு, டீ போடப் போய்விட்டாள். அதற்கும் எனக்கு வயிறு எரிந்தது.